இன்றைக்கு எத்தனை துணி

சேரன்மகாதேவியில் மே மாதம்
மாடிவீட்டை வாடகைக்கு எடுத்தவர்களை
யாரும் தனியாகத் தண்டிக்க வேண்டியதில்லை.
பகலெல்லாம் குடித்த வெயிலை
இரவெல்லாம் தலைமேல் துப்புகிறது தளம்.

இதற்குள்தான் வந்து சேர்ந்தாய் நீ.
இருபத்திரண்டு நாள்,
மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு,
பெயர் இன்னும் முடிவாகவில்லை.
அப்பா 'ஏல' என்கிறார், நான் 'எய்யா' என்கிறேன்;
இரண்டுக்கும் ஒரே கொட்டாவி.

நாளைக்கு ஆறு துணியாவது நனையணும்,
நனைஞ்சா பால் போதும்னு அர்த்தம் என்று
ஸ்கூட்டியை அணைக்காமலே சொல்லிப் போனாள்
நர்ஸ் இசக்கியம்மாள்.
அன்றிலிருந்து
மூத்திரத்துக்குக் காத்திருக்கும் மனுஷி நான்.
பி.காம். படித்ததற்கு இப்போதுதான்
கணக்கெழுத ஒரு வேலை.
முதல் துணி ஐந்தரைக்கு.
இரண்டாவது, செங்கோட்டை ரயில் கூவும்போது.
கொடியில் விரித்து நான் படியிறங்குமுன்
அப்பளமாய்க் காய்ந்துவிடும்.
கத்திரி வெயிலோடு எனக்குள்ள சிநேகம்
அது ஒன்றுதான்.

பத்து மணிக்குமேல் சன்னலில் ஈரச்சேலை.
நிச்சயத்துக்கு எடுத்தது, எனக்கு ஒருநாளும் பிடிக்காத மஞ்சள்.
அந்த வெளிச்சத்தில்
நீ பழுத்த மாம்பழமாய்க் கிடக்க,
ஐயோ காமாலையோ என்று பதறிச்
சேலையை விலக்கிப் பார்த்தேன்.
இல்லை. சிவப்புதான்.
மறுபடி மூடினேன்.
மறுபடி விலக்கினேன்.

மேசை ஃபேனைச் சுவர் பார்க்க வைத்திருக்கிறேன்.
சுவருக்கு அடித்தது போக மிச்சக் காற்று உனக்கு.
பார்க்க வந்தவர்கள் தந்த பவுடர் டப்பா ஒன்பது;
அலமாரியில் வரிசையாய் நிற்கின்றன,
ஒன்றும் திறக்கவில்லை.
கழுத்து மடிப்பை வெறும் தண்ணீரால் துடைத்து
ஒற்றி எடுக்கிறேன்.
உதடு கோணுகிறது. சிரிப்பா, வாயுவா?

நேற்று பகலில் கரண்டு போயிற்று.
இரண்டு மணி. மூன்று துணியோடு கணக்கு நின்றது.
உன் அழுகை கேட்டு
கீழ்வீட்டுக் குற்றாலிங்கம் படியேறி வந்தார்.
"தொண்டை காஞ்சிருக்கும்மா.
ஒரு சங்கு சீனித்தண்ணி குடுத்தா என்ன?"
எனக்கும் ஆசைதான்.
போனில் இசக்கியம்மாள் ஒரே போடு:
"ஆறு மாசத்துக்குப் பாலு மட்டும்.
தண்ணி உனக்கு, அவனுக்கு இல்ல.
அடிக்கடி மாருல போடு.
மேலு கொதிச்சு, குடிக்காமத் துவண்டான்னா மட்டும்
போன் பண்ணிட்டு நிக்காத,
நேரா ஆஸ்பத்திரிக்கு வா."

அவர் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்.
கோபமோ என்று நினைத்தேன்.
அரை மணியில் ஓலைப்பட்டை நிறைய நுங்கு.
"பிள்ளைக்கு ஆகாதுன்னா
பெத்தவளுக்கு ஆகும்லா?"
பதினோரு கண் தின்றேன்.
முழங்கை வழியே ஒழுகியது.
நீ குடித்தாய், தூங்கினாய், மறுபடி குடித்தாய்.
நாலாவது, ஐந்தாவது.
கரண்டு வந்து வீடே 'ஹோ' என்றபோது
ஆறாவது, என் மடியில், வட்டியோடு.

இன்று விடியுமுன் ஆற்றுக்கு நடந்தோம்.
வெயில் பாலத்தைத் தொட இன்னும் நேரமிருந்தது.
கணுக்கால் அளவுதான் தாமிரபரணி.
படியில் உட்கார்ந்து நான் மட்டும் கால் நனைத்தேன்;
குதிகால் வெடிப்பை மீன்கள் கொத்தின.
பேறுகாலத்துக்குப் பிறகு
என் உடம்பை நானே மறந்திருந்த
முதல் கால் மணி நேரம்.
நீ எதையும் பார்க்கவில்லை. தூக்கம்.
உன் காலிலும் தண்ணீர் தொட்டுவைக்க
அப்பாவுக்கு ஆசை.
நான் முறைத்தேன்.
கையை ஆற்றில் முக்கி,
சட்டையில் நன்றாகத் துடைத்து,
அந்தக் கையால் உன் பாதத்தைப் பொத்தினார்.
ஈரம் போயிருந்தது, குளிர்ச்சி போகவில்லை.
ஐந்து விரலும் சுருங்கி
மெல்ல விரிந்தன.

திரும்பும் வழியில்
என் இடுப்போரம் வெதுவெதுவென்று
இன்றைய முதலாவது.